பயன்படுத்திய மடிக்கணினி: வேலைக்கும் கொஞ்சம் விளையாட்டுக்கும் எதை எடுப்பது?

மாலைநேரப் பயணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் உழைத்த என் மடிக்கணினியின் மதர்போர்டு சென்ற மாதம் போய்விட்டது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பயன்படுத்திய நல்ல மடிக்கணினி ஒன்றையே வாங்கிவிடலாம் என்று, அதைப் பிரித்துப் பார்த்தவர் சொன்னார். புதியது வாங்க இப்போதைக்குக் கை இடம் கொடுக்காது. ஆகவே அந்த யோசனையையே பிடித்துக்கொண்டு மூன்று வாரங்களாக விளம்பரங்களைப் பார்த்து வருகிறேன்; பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது.

என்னுடையது பெரிய கணினியைக் கேட்கும் வேலை அன்று. நாள் முழுவதும் எக்செல் கோப்புகள் திறந்திருக்கும், மூன்று நான்கு வீடியோ அழைப்புகள் வரும், பிரவுசரில் எந்நேரமும் முப்பது டேப்களுக்குக் குறையாது. வாரத்தில் ஐந்து நாள் முதுகுப் பையில் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் வர வேண்டும். இரவில் ஒரு மணி நேரம் விளையாடுவேன். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ வேலி, நண்பர்கள் வந்தால் கவுன்டர் ஸ்ட்ரைக் 2, எப்போதாவது ஜிடிஏ 5 என்பதற்கு மேல் எனக்கு ஆசை கிடையாது. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்கும் எண்ணமும் இல்லை.

இப்போது கையில் மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. முதலாவது, அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் வகையைச் சேர்ந்த 14 அங்குல மடிக்கணினி. இன்டெல் ஐ5-1135ஜி7 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டாவது, 15.6 அங்குலத் திரை கொண்ட கேமிங் மடிக்கணினி. ஐ5-9300எச் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விலை சொல்கிறார்கள். மூன்றாவதற்கு விலை இவற்றைவிடக் கணிசமாகக் குறைவு. அதில் ஐ7-7500யூ இருக்கிறது. விண்டோஸ் 11 நிறுவியே தருவதாகவும், ஐ7 என்பதால் மற்ற இரண்டைவிட இதுதான் மேல் என்றும் விற்பவர் அடித்துச் சொல்கிறார்.

எண்களை வைத்துப் பார்த்தால் கொடுக்கும் காசுக்கு இரண்டாவதே லாபம் போலத் தெரிகிறது. ஆனால் பழைய கேமிங் மடிக்கணினியை வாங்காதே என்று சிலரும், கிராபிக்ஸ் கார்டு இல்லாததை வாங்கிவிட்டு வருந்தாதே என்று சிலரும் சொல்கிறார்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எதை எடுப்பீர்கள், நேரில் போகும்போது எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


பழுதுமேசை எழுதியது:

முதலில் அந்த ஐ7-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் எது மேல், எது கீழ் என்று காட்டும் பெயர்கள். தலைமுறை மாறினால் அந்த வரிசைக்கு மதிப்பில்லை. 7500 என்பதில் முதலில் நிற்கும் 7 தான் தலைமுறை. 2016-இல் வந்த அந்த ஐ7-இல் இருப்பவை இரண்டே கோர்கள் (கணக்குப் போடும் மூளைகள்), நான்கு திரெட்கள் (அவை ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசைகள்). மறு ஆண்டு, 2017-இல், எட்டாம் தலைமுறை வந்தபோது அதே 15 வாட் யூ வரிசையின் ஐ5-8250யூவிலேயே நான்கு கோர்கள், எட்டு திரெட்கள் வந்துவிட்டன. ஆக, நீங்கள் பார்க்கும் ஐ7 அதற்கு அடுத்த ஆண்டின் ஐ5-இடமே தோற்றுப்போன ஒன்று. முப்பது டேப்களும் ஒரு வீடியோ அழைப்பும் சேர்ந்தால் அது மூச்சு வாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ஏற்ற பிராசசர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் பட்டியல், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய கணினியில் இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11-ஐ நிறுவ வழிகள் இருக்கின்றன, உங்களுக்கு விற்க வந்தவரும் அதைத்தான் செய்திருப்பார். அது ஓடும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வருமா, வந்தால் நிற்குமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் அந்த வம்பு வேண்டாம். பின்னாளில் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டை ஆடத் தோன்றினால் அது விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, கணினி தொடங்கும்போதே காவல் காக்கும் செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயங்காவிட்டால் திறக்கவே திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மற்ற இரண்டுக்கு வருவோம். சுத்தமான விளையாட்டு வேகத்தில் ஜிடிஎக்ஸ் 1650, முதலாவதில் தனி கார்டாக இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதில் வாதமே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன விளையாட்டுகளில் ஸ்டார்டியூ வேலிக்கு அந்த வேகம் தேவையே இல்லை. மைன்கிராஃப்ட்டுக்கு, நிழல் ஒளி மாற்றும் ஷேடர்களைச் சேர்க்காதவரை, தேவை குறைவு. ஜிடிஏ 5 என்பது 2015-இல் கணினிக்கு வந்த விளையாட்டு. அமைப்பைக் குறைத்துக்கொண்டால் ஐரிஸ் எக்ஸ்இ அதைச் சமாளிக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும்தான் இழுக்கும். ரெசொலூஷனை இறக்கி, எல்லாவற்றையும் குறைந்த நிலையில் வைத்தால் நண்பர்களோடு ஆடலாம். போட்டியாக ஆட முடியாது.

நான் சொன்ன இவ்வளவும் ஒரு நிபந்தனையின் பேரில்தான். அதை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், பலருக்குத் தெரியவும் தெரியாது. ஐரிஸ் எக்ஸ்இ-க்குத் தனக்கென்று நினைவகம் கிடையாது. கணினியின் ரேமையே கடன் வாங்கித்தான் படத்தை வரைகிறது. அந்த ரேம் ஒரே குச்சியாக (ஸ்லாட்டில் செருகும் ஒரே சிறு பலகையாக) இருந்தால் தரவு போய்வரும் பாதை ஒன்றாகிவிடும். இரண்டு குச்சிகள் இருந்தால் பாதை இரண்டு. பிராசசருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது, கிராபிக்ஸுக்கோ உயிர்நாடி. இன்டெல்லே இதில் கறாராக இருக்கிறது: ஒற்றைக் குச்சி போட்ட கணினியில் அதே சிப்பை, டிவைஸ் மேனேஜரில், ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டாமல் வெறும் யூஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் காட்டும். நீங்கள் பார்த்த கணினியின் 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நினைவகத்துக்கான பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் நல்ல காலம். இன்னொரு 8 ஜிபி குச்சியைச் செருகினால் வேலைக்கு வேண்டிய 16 ஜிபியும் ஆயிற்று, விளையாட்டுக்கு வேண்டிய இரண்டாம் பாதையும் திறந்தாயிற்று. ரேமை போர்டிலேயே பற்றவைத்து, ஸ்லாட்டே இல்லாமல் விடும் மெல்லிய மாடல்களும் உண்டு. அப்படியானால் 8 ஜிபியோடு அதைத் தொடவே தொடாதீர்கள்.

கேமிங் மடிக்கணினியைப் பற்றி என் மேசையில் கண்டதை மட்டும் சொல்கிறேன். மூன்று நான்கு வயதானவற்றின் அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் தூசு கம்பளித் துண்டு போலக் கெட்டியாகப் படிந்திருக்கும். குறட்டால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். அவ்வளவு நாளும் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுழன்றிருக்கிறது என்று பொருள். எல்லாமே அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் படம் பார்த்தோ, பிராசசர் பெயரைப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. தவிர, அந்த வகை பொதுவாக இரண்டே கால் கிலோவுக்குக் குறையாது, செங்கல் போன்ற சார்ஜர் தனி. வாரத்தில் ஐந்து நாள் தூக்கப் போவது உங்கள் முதுகு.

நான் என்றால் முதலாவதை எடுப்பேன், ஸ்லாட் காலியாக இருந்தால்.


ஒற்றைக்கீல் எழுதியது:

பழுதுமேசை ஐயா எதை எடுப்பது என்று சொல்லிவிட்டார். நேரில் போனால் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு நான் வருகிறேன். இதுவரை பயன்படுத்திய மடிக்கணினிகளாகவே நான்கு வாங்கியிருக்கிறேன். இரண்டில் நன்றாக அடிபட்டேன் என்பதுதான் என் தகுதி.

ஆன் செய்வதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். சமதளமான மேசையில் வைத்து நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஆடினால், ஒன்று கீழே விழுந்து உடல் வளைந்திருக்கிறது, இல்லையேல் உள்ளே பேட்டரி வீங்கத் தொடங்கியிருக்கிறது. டச்பேடு ஒரு பக்கம் மேலெழுந்திருந்தாலோ, அழுத்தினால் கிளிக் ஆகாமல் கல்லாக நின்றாலோ சந்தேகமே வேண்டாம், பேட்டரிதான். அதை மேற்கொண்டு பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். பிறகு மூடியை ஒரு மூலையில் மட்டும் பிடித்து மெதுவாகத் திறந்து, கீல் இருக்கும் இடத்தில் காதை வையுங்கள். மெல்லிய நெறநெறப்புக் கேட்டால், கீலைத் தாங்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் உடைந்து, யாரோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்குக் காரணமே அப்படிப்பட்ட ஒன்றுதான்: வாங்கிய ஐந்தாம் வாரம் இடப்பக்கக் கீல் திரையின் ஓரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்தது.

ஆன் செய்தபின் முதலில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், நுழையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் விற்பவர் அங்கேயே அதை நீக்கித் தர வேண்டும். ‘அது ஒன்றும் தொந்தரவு செய்யாது’ என்ற பதிலை ஏற்காதீர்கள். அலுவலக வகைக் கணினிகளில் அந்தப் பாஸ்வேர்டு மதர்போர்டில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கும், வட்டப் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் அது போய்விடாது.

அடுத்துச் சொல்வதுதான் இன்று மிக முக்கியமானது, ஏனெனில் நான் ஏமாந்தது இதில்தான். பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் மைக்ரோசாஃப்ட்டிடம் பதிவு செய்து வைக்கின்றன. கணினியைக் கழிக்கும்போது அந்தப் பதிவையும் நீக்க வேண்டும். பல நேரம் நீக்குவதில்லை. இணைப்பு இல்லாமல் விண்டோஸை நிறுவி உங்களிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். என்னுடையது ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் வேகம் குறைகிறதே என்று ரீசெட் செய்தேன். வைஃபையில் இணைந்த அடுத்த நிமிடம் நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனம் தன் பெயரைப் போட்டு என்னை வரவேற்று, அலுவலக மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்டது. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே காசைக் கொடுப்பதற்கு முன் விற்பவர் எதிரிலேயே ரீசெட் செய்து, உங்கள் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஆகும். அந்த நேரத்தைத் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பேட்டரிக்கு விண்டோஸே சான்றிதழ் தரும். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துக் கொடுத்தால் ஓர் அறிக்கை உருவாகும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் அடுத்தடுத்த வரியில் இருக்கும், இரண்டாவதை முதலாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். எண்பது விழுக்காட்டுக்கு மேல் என்றால் நன்று. அறுபதுக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். நூறு விழுக்காடு என்று இருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன்பு, அது யாரோ மாட்டிய மலிவுப் போலியா என்று தயாரிப்பாளர் பெயரையும் அதே அறிக்கையில் பாருங்கள்.

எஸ்எஸ்டிக்குக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி போதும். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது, ஆயுளில் மீதி எவ்வளவு என்று காட்டிவிடும். ‘ஒரு வருடம்தான் பயன்படுத்தினேன்’ என்கிறவரின் கணினி இருபதாயிரம் மணி நேரத்தைக் காட்டினால், அதாவது நாள் முழுவதும் அணைக்காமலே வைத்தாலும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டும் கணக்கைக் காட்டினால், ஒன்று எஸ்எஸ்டி வேறெங்கோ இருந்து வந்திருக்கிறது, இல்லையென்றால் பேச்சு பொய்.

கடைசியாக வெப்பம். வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசசருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் தொடர்ந்து ஓடவிடுங்கள். இன்றைய மடிக்கணினிப் பிராசசர்கள் ஒரு கணம் 95 டிகிரியைத் தொடுவது இயல்பு. அங்கேயே ஒட்டிக்கொண்டு வேகம் படிப்படியாகச் சரிவதுதான் நோய். விசிறியின் ஓசை சீராக இருக்க வேண்டும், கரகரத்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. இது ஓடும் நேரத்தில் நோட்பேடில் ஒவ்வொரு விசையையும் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள், கேமராவையும் மைக்கையும் ஒரு முறை பதிவு செய்து கேளுங்கள். நாளுக்கு நான்கு வீடியோ அழைப்பு என்கிறவருக்கு கிராபிக்ஸ் கார்டைவிட மைக் முக்கியம்.


இரண்டாம்கை ராசி எழுதியது:

பழுதுமேசையோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். கேமிங் மடிக்கணினி என்றாலே வெந்துபோனது என்ற எண்ணம் கொஞ்சம் மிகை. தூசு தட்டி, பிராசசரின் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பல கணினிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்; அது அரை நாள் வேலை. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கிய மடிக்கணினிக்கு அதைப் பின்னால் சேர்க்க முடியாது. தண்டர்போல்ட் என்ற துளை வழியாக கிராபிக்ஸ் கார்டை வெளியே வைக்கும் பெட்டிகள் இருக்கின்றன என்பார்கள்; அவற்றுக்கு ஆகும் பணத்தில் இன்னொரு மடிக்கணினி வாங்கிவிடலாம்.

ஆகவே இரண்டாவதை அப்படியே தள்ளிவிடாதீர்கள் என்பேன். ஜிடிஎக்ஸ் 1650 என்பது 2019-இல் வந்தது, என்விடியாவின் டூரிங் என்ற சிப் குடும்பம். அதற்கு முந்திய பாஸ்கல் குடும்பத்துக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்றவற்றுக்கு, புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். 1650 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. விளம்பரத்தில் 1050-ஐயும் 1650-ஐயும் எண் ஒற்றுமையால் ஒன்றாக எண்ணி வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கவனம்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசை கண்ணில் பட்டால், அந்த கார்டு இழுக்கும் மின்சாரம் எத்தனை வாட் என்று கேளுங்கள். ஒரே ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை விட்டிருக்கிறார்கள்; 3060 என்றால் 60 முதல் 115 வரை. மெல்லிய உடலுக்குள் வாட்டைக் குறைத்து அடைத்த 3060, தடித்த உடலில் முழு வாட்டோடு ஓடும் 3060-ஐவிட நன்றாகவே பின்தங்கும். பெயரைப் பார்த்துக் காசு கொடுத்தால் அந்த வேறுபாடு உங்கள் பையிலிருந்து போகும்.

நீங்கள் இதுவரை பார்க்காத மூன்றாம் வழி ஒன்றும் இருக்கிறது. ஏஎம்டி பிராசசர் உள்ளவற்றையும் தேடுங்கள். 2022-இல் வந்த ரைசன் 6000 வரிசையின் உள்கிராபிக்ஸ், குறிப்பாக ரேடியான் 680எம், ஐரிஸ் எக்ஸ்இ-யை நன்றாகவே முந்தும். ஆனால் அந்த மாடல்கள் பயன்படுத்திய சந்தைக்கு எளிதில் வருவதில்லை, வந்தாலும் விலை இறங்குவதில்லை. 5000 வரிசையில் ஒரு கண்ணி உண்டு: ரைசன் 5 5500யூ என்பது பெயரில்தான் புதியது, உள்ளே இருப்பது 4000 வரிசையின் ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. ரைசன் 5 5600யூதான் ஜென் 3. இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே மாதிரி உடல்களில் விற்கப்பட்டன. இன்டெல்லைக் குறை சொல்லும்போது ஏஎம்டியின் இந்தப் பெயர் விளையாட்டை யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

திரையைப் பற்றி யாருமே பேசவில்லை. நாள் முழுவதும் எக்செல் பார்க்கிறவருக்கு 1366க்கு 768 என்ற திரை தண்டனை. 1920க்கு 1080-க்குக் குறைந்து வாங்காதீர்கள். விலை குறைந்த கேமிங் மடிக்கணினிகள் பலவற்றில் 144 ஹெர்ட்ஸ் என்று பெருமையாக எழுதிவிட்டு, வெளுத்துப்போன நிறங்கள் கொண்ட பேனலை வைத்திருப்பார்கள். அலுவலக வகையிலும் 250 நிட்ஸ் என்ற மங்கலான ஒளி அளவு கொண்ட பேனல்கள் ஏராளம். சன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் தெரியும்.


மாலைநேரப் பயணி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐ7-ஐ அன்றே விட்டுவிட்டேன்.

இரண்டாவதைப் பார்க்கப் போனேன். கணினி நன்றாகவே இருந்தது, ஆனால் சார்ஜரோடு சேர்த்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பார்த்தபோது, தினமும் இது முடியாது என்று உடனே தெரிந்துவிட்டது. இரண்டாம்கை ராசி மன்னிக்க வேண்டும்.

முதலாவதில் ஒற்றைக்கீல் சொன்ன சோதனையைச் செய்ய விற்பவர் நெடுநேரம் தயங்கினார். இணைப்பு மெதுவாக இருக்கிறது என்றார், பிறகு சார்ஜ் போதாது என்றார். கடைசியில் இசைந்தார். ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் ஒரு நிறுவனத்தின் சின்னத்தோடு வரவேற்புத் திரை வந்து நின்றது. அவருக்கே அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். என்னைவிட அவர் முகம்தான் வாடிப்போயிற்று. எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அதே மாடல், அதே பிராசசர், வேறொருவரிடம் கிடைத்திருக்கிறது. ரீசெட் செய்ததில் சாதாரண விண்டோஸ் திரைதான் வந்தது. பயாஸில் பாஸ்வேர்டு இல்லை. ரேம் 8 ஜிபி, இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலி, டிவைஸ் மேனேஜரில் ஐயா சொன்னது போலவே யூஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் காட்டுகிறது. பேட்டரி அறிக்கையில் 53,000 மில்லிவாட் மணி தயாரிப்புக் கொள்ளளவு, இப்போது 38,000. ஏறத்தாழ 72 விழுக்காடு வருகிறது. சினிபெஞ்ச் தொடங்கியதும் வெப்பம் 96-ஐத் தொட்டு, ஒரு நிமிடத்தில் 80-க்கு இறங்கி அங்கேயே நின்றது. நாளை மாலைக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். எடுக்கலாமா? புதிய ரேம் பழைய குச்சியின் அதே நிறுவனமாக இருக்க வேண்டுமா?


பழுதுமேசை எழுதியது:

எடுக்கலாம். முதல் சில நொடிகளுக்குப் பிராசசர் கூடுதல் மின்சாரத்தை இழுத்து ஓடும், அந்தக் கெடு முடிந்ததும் தானே அடங்கும். நீங்கள் கண்டது அதுதான். 80-இல் நிலைத்து நிற்பது குளிர்விப்பு ஒழுங்காக இருப்பதற்கு அடையாளம். பேட்டரி 72 என்பது இந்த வயதுக்கு நியாயமானது. ஓராண்டு ஓட்டிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் காட்டி இப்போதே விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்க மறக்காதீர்கள்.

ரேம் ஒரே நிறுவனமாக இருக்க வேண்டிய தேவை இல்லை. உள்ளே இருப்பது டிடிஆர்4, 3200 வேகம் என்றால் அதே வகை, அதே வேகம், அதே 8 ஜிபி வாங்குங்கள். மடிக்கணினிக்கான குட்டைக் குச்சி என்று சொல்லிக் கேளுங்கள், மேசைக் கணினியின் நீளக் குச்சி உள்ளே போகாது. மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை விடுவித்துவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். குச்சியைச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினால் இருபுறமும் உள்ள கம்பிகள் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். அந்த ஓசை வராவிட்டால் சரியாக உட்காரவில்லை. முதல் முறை ஆன் செய்யும்போது ஒரு நிமிடம் வரை திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம், புதிய ரேமைப் பழக்கிக்கொள்கிறது.


மாலைநேரப் பயணி எழுதியது:

வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. பேட்டரி அறிக்கையைக் காட்டியதும் விற்றவர் மறுபேச்சு இல்லாமல் விலையைக் குறைத்தார்.

ரேம் போட்டபின் திரை கறுப்பாக நின்ற அந்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு மணி நேரமாக இருந்தது, முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் குச்சியைப் பிடுங்கியிருப்பேன். விண்டோஸ் வந்ததும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன்: யூஎச்டி என்று இருந்த இடத்தில் ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயர் மாறியிருந்தது. அதே சிப், அதே கணினி. ஒற்றைக் குச்சியில் திக்கித் திணறிய ஜிடிஏ 5 இப்போது நடுத்தர அமைப்பில் கண்ணுக்கு உறுத்தாமல் ஓடுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் புகைக்குண்டு வெடிக்கும்போது மட்டும் படம் இழுக்கிறது, நான் சாவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

எதிர்பாராத தொல்லை இடம்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே 85 ஜிபி கேட்கிறது. அலுவலகக் கோப்புகளும் ஜிடிஏவும் சேர்ந்ததும் 256 ஜிபி நிரம்பிவிட்டது. ஆகவே 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். கழற்றப் போகும் பழையதை வெளிப்புறப் பெட்டியில் போட்டுப் பயன்படுத்தலாம் என்று எண்ணம். கடையில், எஸ்எஸ்டியின் இணைப்பு வகையைப் பொறுத்து, என்விஎம்இ பெட்டி, சாட்டா பெட்டி என்று இரண்டு வகை இருக்கின்றன. எதை வாங்குவது?


ஒற்றைக்கீல் எழுதியது:

பதினோராம் தலைமுறைக் கணினி (1135ஜி7-இல் முதலில் நிற்கும் 11) என்பதால் பெரும்பாலும் என்விஎம்இ-ஆகத்தான் இருக்கும். கழற்றினால், செருகும் முனையில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பொதுவாக சாட்டா. ஆனால் வெட்டை நம்பிப் பணத்தைப் போடாமல், கழற்றும் முன்பே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் இணைப்பு வகை என்ற வரியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எஸ்எஸ்டியைப் பிடிக்கும் அந்த ஒற்றைத் திருகாணி மிகச் சிறியது. கழற்றியதும் ஒரு கிண்ணத்தில் போட்டுவிடுங்கள், தரையில் விழுந்தால் கிடைக்காது.